பிள்ளைகள் கைச்செலவுக்குத் தாங்களே சம்பாதிக்க: மே விடுமுறை முதல் கார்த்திகை வரை

அக்கம்பக்கத்து வீடுகளில் நேரமில்லாமல் தள்ளிப்போடுகிற வேலை எது என்று ஒரு வாரம் கவனித்தாலே போதும், பிள்ளைகள் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் வழி தெரிந்துவிடும். மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஜூனில் நோட்டுக்கெல்லாம் அட்டை போட வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு நாலு கத்தரி நாற்று, கார்த்திகைக்கு இருபது அகல் விளக்கு. பத்து வயது தாண்டிய பிள்ளை இவற்றை வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ செய்யலாம், தெரிந்தவர்களுக்குள்ளேயே விற்கலாம், படிப்பும் கெடாது. இந்த மூன்றும் பொருந்தாத வேலைகளை இங்கே சேர்க்கவில்லை.

வீட்டு வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, பாயைச் சுருட்டுவது, கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவது இதற்கெல்லாம் கூலி பேசக்கூடாது. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. காசு கொடுத்து வெளியாளிடம் செய்துகொள்ளும் வேலை வேறு. வண்டி கழுவ வெளியே கொடுப்பதைப் பிள்ளைக்கே கொடுக்கலாம். வெளியாள் செய்தால் எவ்வளவு சுத்தமாக இருக்குமோ அவ்வளவு சுத்தத்தையும் எதிர்பார்க்கலாம். அரைகுறையாகக் கழுவிய வண்டிக்கு, பிள்ளைதானே என்று முழுக்காசு கொடுத்துவிட்டால் அடுத்த வாடிக்கையாளரிடம் பிள்ளையின் பெயர் கெடும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்க முடியாது. குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ, பள்ளி நேரம் போகவோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், அபாயகரமான தொழிற்சாலை வேலைகள் கூடாது. மீறி வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். எனவே "லீவுல சும்மா இருக்கறதுக்கு ஒரு மாசம் கடையில நிக்கட்டும்" என்று 13 வயதுப் பையனைத் தெரிந்தவர் ஜவுளிக்கடைக்கு அனுப்புவது, எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், குற்றம்தான். பிள்ளைகளை இப்படி வேலை வாங்குவதைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லலாம்.

கீழே உள்ளவற்றில் பிள்ளைக்கு முதலாளி கிடையாது. வேலை பெரும்பாலும் தன் வீட்டில், பெற்றவர் கண் எதிரில், நாளைக்கு அதிகம் போனால் இரண்டு மணி நேரம். பரீட்சை வாரத்தில் அதுவும் இல்லை.

ஜூன்: நோட்டுக்கு அட்டை போடுதல்

முதல் இல்லாமல் தொடங்க இதைவிட நல்ல வேலை இல்லை. பள்ளி திறந்து புத்தகம் கைக்கு வந்த அன்றே "திங்கட்கிழமைக்குள்ள அட்டை போட்டுக் கொண்டு வரணும்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் முப்பது நாற்பது நோட்டு, புத்தகம் குவிந்து கிடக்கும். அந்த ஒரு வாரம்தான் சந்தை. பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்காவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

வேண்டியவை: பிரவுன் ஷீட், அடி ஸ்கேல், பென்சில், முனை மழுங்கிய கத்தரிக்கோல், லேபிள். பேப்பரையும் லேபிளையும் வாடிக்கையாளரே வாங்கித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பிள்ளை போடுவது உழைப்பு மட்டும். ரோலாக வாங்கிய பேப்பர் சுருண்டுகொண்டே இருக்கும். முதல் நாள் இரவே எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டி, பிரித்து, மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டால் காலையில் படிந்திருக்கும். இதைச் செய்யாமல் வேலையில் இறங்கினால் மடிப்பு ஒவ்வொன்றும் கோணும்.

அளவு இப்படி. லாங் சைஸ் நோட்டு ஏறக்குறைய 27 செ.மீ. உயரம், 17 செ.மீ. அகலம் இருக்கும். மேலும் கீழும் 3 செ.மீ. மடிப்புக்கு விட்டால் பேப்பரின் உயரம் 33 செ.மீ. இரண்டு அட்டைக்கும் 34, முதுகுக்கு 1, இரு பக்கமும் உள்ளே மடிக்க ஏழரை வீதம் 15, ஆக மொத்தம் 50 செ.மீ. நீளம். வேறு அளவு நோட்டாக இருந்தாலும் இதே கணக்குதான். புத்தகம் தடியாக இருந்தால் முதுகுக்கு விடும் அளவு மட்டும் கூடும்.

பசையோ பின்னோ இல்லாத முறையையே பழக்குங்கள்:

1. பேப்பரின் பளபளப்பான பக்கம் தரையைப் பார்க்க விரித்து, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் முழு நீளத்துக்கும் 3 செ.மீ.-க்கு ஒரு மி.மீ. குறைவாக உள்ளே மடிக்கவும். மடித்த பின் இடையிலுள்ள உயரம் நோட்டைவிட 2 மி.மீ. அதிகம் இருக்க வேண்டும். சரியாக நோட்டளவே இருந்தால் அட்டை உள்ளே நுழையாது.
2. இடது ஓரத்தில் ஏழரை செ.மீ. உள்ளே மடிக்கவும். மேலும் கீழும் மடிப்பு இருப்பதால் இப்போது அது ஒரு பை மாதிரி ஆகியிருக்கும். நோட்டின் முன்னட்டையை அதற்குள் செருகவும்.
3. நோட்டை மூடவும். மூடிய நிலையிலேயே பேப்பரை முதுகைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து, பின்னட்டையின் ஓரம் எங்கே வருகிறது என்று பென்சிலால் லேசாகக் குறிக்கவும்.
4. அந்தக் கோட்டில் மடித்து, பின்னட்டையைச் செருகவும். மடிப்புகளை ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் ஒருமுறை இழுத்து அழுத்தவும்.

புதிதாகப் பழகுகிற எல்லோரும் தவறுவது மூன்றாவது படியில். நோட்டை விரித்து வைத்தே இரண்டு பக்கமும் மடித்துவிடுவார்கள். விரித்திருக்கும்போது பார்க்க அழகாக இருக்கும், மூடினால் முதுகுப்பக்கம் இழுத்து, நோட்டு வாயைத் திறந்தபடி நிற்கும். ஒரு வாரத்தில் கிழிந்துவிடும்.

பின் அடித்தால் சின்னப் பிள்ளைகளின் விரலைக் கிழிக்கும், கட்டாக அடுக்கும்போது அடுத்த நோட்டையும் இழுக்கும். பாட்டில் கோந்து தடவினால் பிரவுன் ஷீட் ஈரம் குடித்துச் சுருங்கும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசை காய்ச்சுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு. பிள்ளைகள் கைக்கு அந்தப் பசை வரக்கூடாது.

லேபிளில் பெயரை எழுதிவிட்டு ஒட்ட வேண்டும்; ஒட்டிய பிறகு எழுதினால் பேனா நிப் பேப்பரில் இறங்கும். இனிஷியல், வகுப்பு, பிரிவு, பாடம் எல்லாவற்றையும் வாடிக்கையாளரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே பிளாஸ்டிக் கவர் வேண்டுமா, லேபிள் எந்த மூலையில் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும், பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு வீட்டு நோட்டு கலந்துபோனால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுக்கு ஒரு துணிப்பை, பையின் காதில் அந்தச் சீட்டு, ஒரு பை முடிந்த பிறகே அடுத்த பை.

நோட்டுக்கு 5 ரூபாய், தடியான பாடப்புத்தகத்துக்கு 8 ரூபாய் கேட்கலாம். பழகாத கைக்கு ஒரு நோட்டு ஏழு நிமிடம் எடுக்கும், இருபது போட்டுவிட்டால் நாலு நிமிடத்துக்கு வந்துவிடும். பிள்ளைக்கு இதைக் கணக்காகவே காட்டுங்கள்: கை பழகப் பழக, விலை ஏறாமலேயே மணிக்கூலி ஏறுகிறது.

ஆடிப்பட்டத்துக்கு நாற்று

நர்சரியில் குழித்தட்டு நாற்று மலிவுதான். ஆனால் அங்கே போய் வர பெட்ரோல் செலவு இருக்கிறது, மாடித்தோட்டம் வைத்திருப்பவருக்கு வேண்டியதோ நாலு கத்தரி, நாலு மிளகாய். அவருக்கு இருக்கும் இடத்திலேயே, கொஞ்சம் பெரிதாக வளர்ந்த செடி கிடைத்தால் பத்து ரூபாய் கொடுக்க யோசிக்க மாட்டார். பிள்ளையின் லாபம் அங்கே இருக்கிறது.

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாய் நடவுக்கு வர 40 நாள் ஆகும், கத்தரி 30 முதல் 35 நாள், தக்காளி 25 நாள். ஆகவே மிளகாயை ஜூன் முதல் வாரம், கத்தரியை இரண்டாம் வாரம், தக்காளியை மூன்றாம் வாரம் விதைத்தால் எல்லாம் ஒன்றாகத் தயாராகும். மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் மிளகாய் விரல் உயரம் இருக்கும்போதே தக்காளி நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும்.

தொட்டி வாங்க வேண்டாம், கொட்டாங்குச்சி போதும். கண் இருக்கும் பாதியில் மெல்லிய கண்ணை ஆணியால் குத்தித் திறந்தால் வடிகால் ஆயிற்று. கண் இல்லாத பாதியில் ஓட்டை போட டிரில் வேண்டும், அதைப் பெரியவர்தான் போட வேண்டும். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று முறை அலசாமல் கலந்தால் முளைத்த நாற்றின் இலை ஓரம் கருகும்.

ஒரு கொட்டாங்குச்சியில் மூன்று விதை, அரை செ.மீ. ஆழம். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வரச் சத்து பத்தாது. மேலே பழைய செய்தித்தாளை ஈரமாக்கி மூடி வையுங்கள். தக்காளி ஐந்தாறு நாளில் தலைகாட்டும், மிளகாய் பத்து நாள் வரை இழுக்கும். முதல் முளை தெரிந்த அன்றே பேப்பரை எடுத்து வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி, நூல் மாதிரி நீளும். அப்படி நீண்டதைத் திருத்த முடியாது. இரண்டு இலை விட்ட பிறகு மூன்றில் வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் தரையோடு நறுக்குங்கள். பிடுங்கினால் நல்ல செடியின் வேரும் அசையும்.

நாற்றங்காலில் அதிகம் கேடு செய்வது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் தரைமட்டத்தில் கறுத்து, நூலாகச் சுருங்கிப் படுத்திருக்கும். மண்ணில் ஈரம் தேங்குவதும், நெருக்கமாக விதைப்பதும், மாலையில் தண்ணீர் ஊற்றுவதும்தான் காரணம். மண்ணின் மேல்பரப்பு காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, காலையில் மட்டும், மூடியில் சின்ன ஓட்டைகள் போட்ட பாட்டிலால் தெளிக்க வேண்டும். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சைத் தூள்) ஒரு பிடி கலந்துவைத்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்ட கொட்டாங்குச்சியை மண்ணோடு அகற்றிவிடுங்கள், மறுபடி அதே மண்ணில் விதைக்கக்கூடாது.

விற்பதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்து, முழு வெயிலில் வைத்துச் செடியைக் கடினப்படுத்த வேண்டும். நிழலிலேயே வளர்ந்த நாற்றை வாங்கிப் போனவர் வெயிலில் நட்டால் இரண்டு நாளில் துவளும், அடுத்த வருஷம் அவர் வாங்க மாட்டார். இலை சுருண்ட மிளகாய்ச் செடியைக் காசுக்குக் கொடுக்கவே கூடாது, அதில் பூச்சி இருக்கும், அவருடைய மற்ற செடிக்கும் பரவும். கொட்டாங்குச்சியின் வெளிப்புறம் மார்க்கரால் வகையும் விதைத்த தேதியும் எழுதுங்கள். நாற்றுப் பருவத்தில் வரிக்கத்தரியும் பச்சைக் கத்தரியும் ஒரே மாதிரி இருக்கும். காய்த்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

சமையலறை மிளகாய் வற்றலிலிருந்தும் கடைத் தக்காளியிலிருந்தும் விதை எடுக்கலாமே என்று தோன்றும். முளைக்கும். ஆனால் சந்தைக்கு வருவதில் நிறைய வீரிய ஒட்டு ரகம், அதன் விதை தாய்ச்செடி மாதிரி காய்க்கும் என்று சொல்ல முடியாது. விற்கிற செடிக்கு நாட்டு விதை பாக்கெட் வாங்குவதே நேர்மை. விதைச் செலவே வேண்டாம் என்றால் கற்பூரவல்லி இருக்கிறது. கைவிரல் நீளத் தண்டை ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, ஒரு நாள் நிழலில் வெட்டு ஆறவிட்டு ஊன்றினால் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு: வேப்பங்கொட்டை

பங்குனி, சித்திரையில் பூத்த வேம்பு வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை பழம் உதிர்க்கும். தானியம் வாங்கும் வியாபாரிகள் பல ஊர்களில் வேப்பங்கொட்டையையும் கிலோ கணக்கில் எடுப்பார்கள். முதலே தேவையில்லை, காலை ஆறு மணிக்கு ஒரு சாக்கும், குனிய இடுப்பும் போதும்.

விலை தரத்தில் இருக்கிறது. அன்றன்று விழுந்ததை அன்றன்றே பொறுக்க வேண்டும். ஈரத்தரையில் இரண்டு நாள் கிடந்த பழத்தில் பூஞ்சணம் ஏறிக் கொட்டை கறுத்துவிடும். ஒரு பிடி கறுப்பைக் கண்டால் வியாபாரி மொத்தச் சாக்குக்கும் விலையைக் குறைப்பார். பொறுக்கிய பழத்தைக் குவியலாக விட்டாலும் சூடேறிப் புளிக்கும். அன்று மாலையே வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் சதை கழன்று மிதக்கும், கொட்டை அடியில் தங்கும். அலசி, ஒரு நாள் வெயிலிலும் பிறகு நிழலிலும் மெல்லிய படலமாகப் பரப்பிக் காயவிடவும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகல என்று சத்தம் வர வேண்டும். சணல் சாக்கில்தான் கட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் காற்றோட்டம் இல்லாமல் வியர்த்து, காய்ந்த கொட்டையிலும் மறுபடி பூஞ்சணம் ஏறும்.

பழமாக அள்ளும்போது சாக்கு கனக்கும், காய்ந்த பிறகு எடை பாதியைவிடக் குறைந்து நிற்கும். இது தெரியாத பிள்ளை ஏமாந்ததாக நினைத்து அழும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரம் ஏறி உலுக்குவதும், சாலையோர மரத்தடியில் வண்டி போகிற பக்கம் பொறுக்குவதும் கூடாது. அடுத்தவர் தோட்டத்து மரம் என்றால் கேட்டுவிட்டுத்தான்.

மே: ஊருக்குப் போகிறவர் வீட்டுச் செடி

நாளைக்கு 20, 30 ரூபாய் கேட்கலாம். வேலை கால் மணி நேரம். இதில் பாழாவது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால். கற்றாழைக்கும் மல்லிகைக்கும் ஒரே அளவு ஊற்றினால் கற்றாழை அழுகும். வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போய், தினமும் ஊற்ற வேண்டியதற்குப் பச்சை நூலும், மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியதற்குச் சிவப்பு நூலும் கட்டிவிடுங்கள். சந்தேகமே வராது. தண்ணீர் ஊற்றிய பின் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார்.

சாவி பெற்றவரிடம் இருக்கட்டும். முடிந்தவரை வாசல், பால்கனி, மொட்டைமாடிச் செடிகளை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்கு மட்டுமா, ஏதாவது காணாமல் போனால் பழி பிள்ளை மேல் விழாமல் இருக்கவும்தான்.

கார்த்திகை: வண்ண அகல்

புரட்டாசிக் கடைசியிலேயே மண்பாண்டம் செய்பவரிடம் நேரே போய் வாங்கினால் விலையும் குறைவு, பார்த்துப் பொறுக்கவும் முடியும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கணும். மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கிறது.

வாங்கிய அகலை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இப்படிச் செய்தால் ஏற்றும்போது எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது என்பார்கள். பிறகு நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு முழு நாள் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு பெயிண்ட் அடித்தால் பத்து நாளில் தோல் மாதிரி உரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் என்பதால் காய்வதற்கு இரண்டு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட். உட்குழியில் அடித்தால் எண்ணெய்ச் சூட்டில் கருகி நாறும். திரி வைக்கும் மூக்கைச் சுற்றி ஒரு செ.மீ. வெறும் மண்ணாகவே விட்டுவிட வேண்டும், தீ படும் இடம் அது. வெள்ளை அக்ரிலிக் ஒரு கோட் அடித்துக் காய்ந்த பிறகு நிறம் ஏற்றினால்தான் எடுப்பாகத் தெரியும், செம்மண் நிறத்தின் மேல் நேரே அடித்த மஞ்சள் மங்கிப்போகும். மணி, கண்ணாடித் துண்டு ஒட்டினால் அதிக விலை கிடைக்கும், ஆனால் ஒட்டிய பசை சூட்டில் இளகும். புள்ளிக் கோலம் போதும். இயர் பட்ஸ் முனையால் வைத்த புள்ளி ஒரே அளவில் விழும்.

இந்த வேலையில் கணக்கு கற்றுக்கொடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 60 அகல் 3 ரூபாய் வீதம் 180. பெயிண்ட் 200. பிரஷ் இரண்டு 60. முதல் 440 ரூபாய். வரும் வழியிலும் ஊறவைத்ததிலும் உடைந்தது 5, நிறம் சரியில்லாதது 5, விற்பது 50. ஒன்று 15 ரூபாய் என்றால் வரவு 750. பிள்ளை கையில் 750-ஐப் பார்த்துவிட்டு அதுதான் சம்பாத்தியம் என்று நினைக்கும். அம்மாவிடம் வாங்கிய 440-ஐத் திருப்பிக் கொடுத்த பிறகு மிஞ்சுவது 310. ஒரு அகலுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால், பெயிண்ட் அடித்த 55 அகலுக்கு மொத்தம் 11 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய் சொச்சம். அட்டை போட்டதில் மணிக்கு எவ்வளவு வந்தது என்று பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் போட்டுச் செய்யும் தொழிலில் உடைவதும் விற்காமல் நிற்பதும் யார் தலையில் விழுகிறது என்பது அந்த ஒரு பக்கத்தில் புரிந்துவிடும். விலையை 20 ஆக்கலாமா, கோலத்தை எளிதாக்கி எட்டு நிமிடத்தில் முடிக்கலாமா என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கும்.

அவ்வளவாகச் சிபாரிசு செய்யாதவை

செய்தித்தாளில் கவர் ஒட்டுவதைப் பல இடங்களில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால் கேட்பவர்கள் உண்டுதான். ஆனால் மெஷின் கவரோடு விலையில் போட்டியிட முடியாது, நூறு கவர் ஒட்டி முதுகு வலித்தாலும் கிடைப்பது சொற்பம். பஜ்ஜி, வடை மடிக்கக் கொடுக்கவே கூடாது, அச்சு மை உணவில் ஏறும்.

பழைய பேப்பர் சேர்த்துப் போடுவது பரவாயில்லை. பத்து வீட்டில் பேசி, மாதம் ஒருமுறை எடுத்து, கிடைத்ததில் பாதியை அவர்களுக்கே கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே எடை பார்த்துக் கட்டுங்கள். செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டி மூன்றுக்கும் வேறு வேறு விலை, கலந்து போட்டால் குறைந்த விலைக்கே எடுப்பார்கள். உடைந்த கண்ணாடி, பேட்டரி, பழைய எலக்ட்ரானிக் சாமான் பக்கம் பிள்ளை போகக்கூடாது.

தின்பண்டம் செய்து விற்பது வேண்டாம். உணவுப் பொருளை விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுப்பும் எண்ணெயும் பிள்ளைக்கு ஆபத்து, யாருக்காவது வயிறு கெட்டால் பதில் சொல்ல வேண்டியது பெற்றவர்.

ஆன்லைனில் "வீட்டிலிருந்தே தினம் 500 ரூபாய்", லைக் போட்டால் காசு, விளையாடினால் காசு என்று வரும் எதற்கும் பிள்ளையின் போனிலிருந்து பதில் போகக்கூடாது. முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பிறகு பணம் கட்டச் சொல்வார்கள். அல்லது உங்கள் வங்கிக் கணக்கு வழியாக யாருடைய பணத்தையோ கடத்துவார்கள். பெரியவர்களுக்குப் போன் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பிள்ளை எடுத்துக்கொண்டாலும் ஒரு விதி உண்டு: ஓடிபி, பின் நம்பர் வரும் இடத்தில் பிள்ளை போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காசு கேட்பதும் வைப்பதும்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய வரும், காசு கேட்க வராது. "அப்புறம் தர்றேன் கண்ணு" என்று சொன்ன மாமியிடம் திரும்பப் போய் நிற்கக் கூச்சப்படும். அதனால் கேட்க வேண்டிய நிலையே வராமல் செய்யுங்கள். வேலையை ஒத்துக்கொள்ளும்போதே விலையைச் சொல்லி, முடித்துக் கொடுக்கும்போது எத்தனை நோட்டு, என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று எழுதிய சீட்டைப் பையோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். சீட்டு பேசிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. நூறு ரூபாய் வேலைக்குச் சித்தப்பா ஐந்நூறைத் திணிப்பார். "நூறு போதும் சித்தப்பா" என்று மீதியைத் திருப்பித் தரப் பழக்குங்கள். அன்பளிப்பாகக் கொடுத்தே தீருவேன் என்றால் அதை வருமானப் பக்கத்தில் எழுதாமல் தனியாக வைக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளை போட்ட கணக்கு எதுவும் நிஜமாக இருக்காது.

ஜீபே வழியாகத்தான் தருவேன் என்பவரிடம் பெற்றவரின் கியூஆரைக் காட்டலாம். ஆனால் வந்த தொகையை அன்று இரவே ரொக்கமாகப் பிள்ளை கையில் கொடுங்கள். "என்கிட்டயே இருக்கட்டும்" என்று வீட்டுச் செலவில் கரைத்துவிடும் பெற்றோரால்தான் பல பிள்ளைகளுக்கு இரண்டாவது மாதமே ஆர்வம் போகிறது.

தொகை ஐந்நூறைத் தாண்டியதும் அஞ்சலகத்துக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், தானே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். தொடங்கக் குறைந்தது 500 ரூபாய் வேண்டும். வங்கிகளிலும் பத்து வயதுக்கு மேல் பிள்ளையே கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது, எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ, பெற்றவரின் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிள்ளையை ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டுப் பழகச் சொல்லுங்கள். தொடங்கும்போது ஒரு மாதிரியும் பணம் எடுக்கும்போது வேறு மாதிரியும் போட்டால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள்.